பிறந்த வீட்டுக் கோடி

நாட்டின் பெயரை எழுத மாட்டேன். இத்தனை வருஷம் கழித்து இன்னும் என்ன பயம் வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மத்திய ஆசியாவில், சோவியத் ஒன்றியம் உடைந்தபோது தனியாக வந்த நாடுகளில் ஒன்று, பருத்தி விளைகிற நாடு, அவ்வளவு போதும். தொண்ணூறுகளின் நடுவில் ஆராய்ச்சிக்காக அங்கே ஒரு வருஷம் இருந்தேன். திரும்பி வந்து, கோயம்புத்தூரில் அப்பா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இது நடந்தது.

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. “அந்த ஊரு ஆளுங்க பாட்டு, கல்யாண முறை எல்லாம் கேட்டு எழுதறாளுங்க” என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்வார். விசாவுக்கு நான் கொடுத்த தலைப்பும் அதுதான். உண்மையில் நான் கேட்டுக்கொண்டு திரிந்தது வேறு. முப்பதுகளில் அந்த நாட்டில் வீடு வீடாக வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு என்ன நினைவிருக்கிறது, அந்த நினைவை இன்றைய அரசாங்கம் என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. பழைய அரசாங்கம் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. புதிய அரசாங்கம் தாராளமாகப் பேசச் சொன்னது, தான் எழுதிக் கொடுத்ததை மட்டும். கொன்றவன் எல்லாம் வெளியிலிருந்து வந்தவன், நம்மவன் ஒருத்தன்கூட அதில் கை நனைக்கவில்லை என்பது எழுதிக் கொடுத்த கதை. அதற்கு ஒரு மியூசியமும் கட்டினார்கள். “காட்டிக்கொடுத்த உள்ளூர்க்காரர்கள் யார்?” என்று கேட்டவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காட்டிக்கொடுத்தவர்களின் பிள்ளைகள்தானே இப்போது பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், பின்னே என்ன செய்வார்கள்?

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். தலைநகரிலிருந்து வெகு தூரத்தில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அவர் வீட்டு முற்றத்தில், திராட்சைப் பந்தலின் கீழே, வயதானவர்கள் சிலர் வாரம் தவறாமல் கூடுவார்கள். சங்கமாகப் பதிவு செய்யக் கேட்டார்கள்; அனுமதி கிடைக்கவில்லை. “டீ குடிப்பதற்குப் பதிவு எதற்கு?” என்று சொல்லிவிட்டு அதன் பிறகும் கூடினார்கள். டீயைக் குடித்துக்கொண்டே, யார் வீட்டில் யாரைக் கொண்டுபோனார்கள், ஊருக்கு வெளியே எந்தச் செங்கல் சூளைக்குப் பின்னால் புதைத்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரு பழைய நர்ஸம்மா வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவரோடு பேசியது தெரிந்து, அவள் மகனுக்கு வேலை போனது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் யாரையும் அந்த முற்றத்தில் சேர்ப்பதில்லை. என்னைச் சேர்த்ததற்குக் காரணம், நான் போன இடத்தில் மஞ்சள் காமாலை வந்து விழுந்ததுதான். வாத்தியாரின் மனைவி என்னைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டாள். நான் கறி சாப்பிட மாட்டேன் என்றதும் எனக்கென்று தனிப் பாத்திரம் வைத்து அரிசியும் பூசணிக்காயும் வேகவைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் விட்ட பிறகு, அந்தப் பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்து எல்லாருடைய பேச்சையும் பதிவு செய்தேன்.

வீட்டில் நான் சொன்னது காமாலைக் கதையை மட்டும். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. வாத்தியாரும் அவர் மனைவியும் நானும் முற்றத்தில் நிற்கிற ஒரு போட்டோ என்னிடம் இருந்தது. அதை டவுன்ஹால் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, ஹாலில் சொந்தக்காரர்கள் படங்களுக்கு நடுவில் மாட்டிவிட்டார். யாராவது வந்தால், “எம் புள்ளைக்குச் சோறு போட்டவங்க” என்று காட்டுவார். அம்மா கேட்டது வேறு: “அந்தம்மாளுக்குப் பொறந்த ஊடு எங்க?” எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினாலும் அம்மாவின் முதல் கேள்வி அதுதான். “யாருமில்லம்மா. அப்பா, அண்ணன்மாரு எல்லாம் அவங்க சின்ன வயசிலயே போயிட்டாங்க” என்றேன். எப்படிப் போனார்கள் என்று அம்மா கேட்கவில்லை. “பாவம், பொறந்த ஊடு இல்லாத பொம்பள” என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவுக்குச் சூலூர்ப் பக்கம் நூல் மில். அந்த வருஷம் உள்ளூரில் பஞ்சு கிடைக்காமல் மில்கள் திண்டாடின. அப்பா மில்லில் ஒரு ஷிப்ட்டை நிறுத்தி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஒரு நாள் காலையில் மாடிப்படியில் நின்றுகொண்டு சத்தமாகக் கூப்பிட்டார்.

“கண்ணு! நம்ம மில்லுக்குப் பஞ்சு குடுக்க வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வாராங்க. எந்த ஊருன்னு சொல்லு பாக்கலாம்?”

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் பருத்தி விளைகிற நாடுகளுக்கா பஞ்சம்?

“உன்ற ஊர்க்காரங்கதான்! சென்னை ஏஜென்ட்டு கூட்டியாரான். ரஷ்ய பாஷை பேச ஆளு வேணும்னான். எம் பொண்ணு இருக்கறப்ப வேற எவன் வேணும்னு சொல்லிப்போட்டேன்.”

நான் டெல்லிக்குப் போக வேண்டும் என்றேன், என் பேராசிரியர் கூப்பிட்டிருக்கிறார் என்றேன். “ரெண்டு நாள் பொறுக்க மாட்டாரா உங்க புரபசரு?” என்று அப்பா கேட்டார். தலைவலி என்றேன். “மாத்திரை போட்டுக்கோ” என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது சுலபமாகக் கேட்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். “போலீசுக் கேசு மாதிரி சமாச்சாரமா இது? மூட்டையக் கட்டி வெச்சுப்போட்டுப் பேசாம இரு” என்று சொல்லி, அந்த மாதமே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வீட்டில் நான் எழுதிக்கொண்டிருக்க முடிந்ததே, என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாததால்தான்.

வருகிறவர்கள் பஞ்சு விற்கிறவர்கள், அவர்களுக்கும் வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவர்கள் வரும் நாள் காலையில் ஹாலில் இருந்த படத்தைக் கழற்றி, என் அறை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். பக்கத்துப் படங்களை நகர்த்தி, வெறும் ஆணி தெரியாமல் சரி செய்தேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரிய உருவம்; பஞ்சுக் கம்பெனியின் தலைமை அதிகாரி. வாய் நிறையச் சிரிப்பு. மில்லில் ஒவ்வொரு மிஷினுக்கும் முன்னால் நின்று பஞ்சை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். இன்னொருவர் மெலிந்த ஆள். என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. “என் சகா” என்று மட்டும் பெரியவர் சொன்னார். அந்தச் சகா எந்த இடத்திலும் பஞ்சைத் தொடவே இல்லை. நூலையும் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. ஆட்களைத்தான் பார்த்தார். பஞ்சு பேச வந்த இடத்தில் பஞ்சைப் பார்க்காத ஆள் யார் என்று அந்த நாட்டில் ஒரு வருஷம் இருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே ஒவ்வொரு ஆபீசிலும், ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படி ஒருத்தர் ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

மிஷின்களுக்கு நடுவில் நடக்கும்போது அவர் என் பக்கத்தில் வந்தார்.

“நன்றாக ரஷ்ய மொழி பேசுகிறீர்கள். எங்கள் நாட்டுக்கு வந்ததுண்டா?”

இல்லை என்று சொல்ல முடியாது. விசா கொடுத்ததே அவர்கள்தானே. “ஒரு வருஷம் இருந்தேன். கல்யாணப் பாட்டுகள் பற்றிப் படித்தேன்.”

“எந்த ஊரில்?”

“தலைநகரில்.”

“அங்கே மட்டுமா?”

“அங்கே மட்டும்தான்.”

அவர் தலையாட்டினார். அதற்கு மேல் ஏதோ கேட்டார். மிஷின் சத்தத்தில் காதில் விழாதது போலப் பெரியவரிடம் ஓடினேன்.

மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஓட்டலுக்குப் போகலாம் என்று ஏஜென்ட் எவ்வளவோ சொன்னார். “ஊட்டுக்கு வந்தவங்கள ஓட்டலுக்குக் கூட்டிப் போறதா? நெம்ப நல்லா இருக்குது போங்க” என்று அப்பா அடித்துச் சொல்லிவிட்டார். டேபிள் மேல் வாழையிலை. ஒப்புட்டு, அரிசிம்பருப்புச் சோறு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று அம்மா ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருந்தாள். அப்பா எனக்கு எதிரில். மெலிந்த ஆள் என் பக்கத்தில். அவருக்கு அந்தப் பக்கம் ஏஜென்ட். ஏஜென்ட்டுக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரியும், ரஷ்ய மொழி தெரியாது. மெலிந்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியும். நான் மொழிபெயர்க்காமல் விட்ட ஒவ்வொரு வார்த்தையையும் ஏஜென்ட் இங்கிலீஷில் அவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு அவர் வியாபாரம் முக்கியம்.

அப்பா திடீரென்று சுவரைப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, நம்ம வாத்தியார் படம் எங்க?”

“கண்ணாடி ஒடஞ்சுபோச்சுங்கப்பா. கடைக்குக் குடுத்திருக்கேன்.”

“எங்க ஒடஞ்சது?” என்றாள் அம்மா, பரிமாறிக்கொண்டே. “உன்ற பீரோவுல துணிக்கடியில கெடக்குது. காத்தால பட்டுச் சீல எடுக்கறப்பப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குது.” போய் எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள். அட அம்மா! அன்றைக்கு மட்டும் அவளுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ.

அப்பா இடது கையில் படத்தை வாங்கி விருந்தாளிகளுக்கு முன்னால் பிடித்தார். “உங்க ஊர்ல எம் பொண்ணு காமால வந்து கெடந்தப்ப, பெத்தவங்க மாதிரிப் பாத்துக்கிட்டவங்க இவங்கதான்.” நான் வாயைத் திறப்பதற்குள் ஏஜென்ட் அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

மெலிந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் ரஷ்ய மொழியில், “இந்த மலை தலைநகரில் இல்லையே” என்றார். குரலில் கோபமே இல்லை. “உடம்பு சரியில்லாதபோது காற்று மாற்றத்துக்குப் போனேன்” என்று உளறினேன்.

அப்பா அத்தோடு விட்டாரா? “அம்மணி, அதக் கொண்டா” என்று அம்மாவுக்குச் சைகை காட்டினார். தாம்பாளத்தில் ஒரு அரக்குப் பட்டுப் புடவை, ஒரு வேட்டி, துண்டு, காப்பிப் பொடி, வெற்றிலை பாக்கு, பழம். “இத அவங்க ஊட்டுல சேத்துப்போடோணும். எம் பொண்ணு அட்ரசு எழுதிக் குடுப்பா.”

அந்த நிமிஷத்தில் நான் எப்படி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அப்பாவைத் தமிழில் தடுத்தால் ஏஜென்ட் கேட்பார். இங்கிலீஷில் பேசினால் இருவருமே கேட்பார்கள். ரஷ்ய மொழியில் பேசினால் கேட்பதே அந்த மெலிந்த ஆள்தான். மூன்று மொழி தெரிந்தும் ஒரு மொழியிலும் வாய் திறக்க முடியவில்லை. அம்மாவைக் கண்ணால் கெஞ்சினேன். அவள் எனக்கு மோர் வேண்டும் என்று நினைத்து ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். புடவை போனால் இவர் கையால் போகும். இவர் அந்த வாசலில் நின்று, இந்தியாவிலிருந்து அந்தப் பெண் கொடுத்தனுப்பினாள் என்பார். எந்தப் பெண், எப்போது வந்தாள், எத்தனை நாள் இருந்தாள், என்ன பேசினாள் என்று அங்கிருந்து ஆரம்பிப்பார். நர்ஸம்மா மகனுக்கு வேலைதான் போனது. வாத்தியாருக்கு என்ன போகும்?

“அவர் இறந்துவிட்டார்,” என்று ரஷ்ய மொழியில் சொன்னேன். “வாத்தியார் போன மாதம் காலமாகிவிட்டார். தகவல் வந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.”

செத்தவரை யாரும் விசாரிக்கப் போவதில்லை என்று நினைத்தேன். அதோடு பேச்சு முடியும், தாம்பாளம் உள்ளே போகும், சாப்பாடு நடக்கும். மத்திய ஆசிய அரசியலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த எனக்கு, நான் பிறந்து வளர்ந்த கொங்கு நாடு கொஞ்சம்கூட ஞாபகம் வரவில்லை.

மெலிந்த ஆள் ஏஜென்ட்டிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ஏஜென்ட் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, “சார், அந்த டீச்சர் தவறிட்டாராம் சார். மேடம் இப்பதான் சொன்னாங்க” என்றார்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். “எப்பங் கண்ணு?”

“போன மாசங்கப்பா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னு…”

அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். விருந்தாளிகள் முன்னால் அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை. கை கழுவிவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. உயிரோடு இருக்கிற மனிதருக்காக இந்த மனிதர் அழுகிறாரே!

“ஏனுங்க,” என்று அம்மா தாம்பாளத்தைப் பார்த்துச் சொன்னாள், “புருசன் போனவளுக்கு அரக்குச் சீலையா குடுக்கறது? எடுத்துருங்க.”

எடுத்துவிடுங்கள்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. ஒரு நிமிஷம்தான்.

“எடு,” என்றார் அப்பா. “எடுத்துப்போட்டு ஒரு கோடிச் சீல கொண்டா. வெள்ள கலர்ல, கரை சின்னதா. மூணாவது பீரோவுல இருக்குது பாரு.”

“அப்பா, அதெல்லாம் அவங்க ஊர்ல வழக்கமில்லீங்க.”

“அவங்க வழக்கம் எப்படியோ. நம்ம வழக்கம்னு ஒண்ணு இருக்குதல்ல? நல்லதுக்குக் குடுக்கலாம்னு வெச்சிருந்தோம், அவருக்குக் குடுத்துவெக்கல. கெட்டதுக்கு நாம கேக்காம இருக்கறதா? நேராப் போயித் துக்கம் கேக்கோணும். போவ முடியல. கோடியாச்சும் போவோணுமில்ல?” பிறகு ஏஜென்ட் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க தம்பி அவருகிட்ட. அந்தம்மாளுக்குப் பொறந்த ஊட்டுல ஒருத்தருமில்ல. அப்பன், அண்ணன்மாரு எல்லாம் சின்ன வயசுலயே போயிட்டாங்க. பொறந்த ஊட்டுக் கோடி நான் போடறேன். எனக்கு அந்தம்மா தங்கச்சி.”

எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுத் துணி வர வேண்டும். அதுதான் கோடி. கல்யாணத்துக்கு வராத அண்ணனை மன்னித்துவிடுவார்கள். கோடியோடு வராத அண்ணனைச் சாகும்வரை மன்னிக்க மாட்டார்கள். அந்த ஊரில் பிறந்தவள் நான். ஒரு சாவைச் சொல்லி அப்பாவை அடக்கிவிடலாம் என்று நினைத்தேனே, என்னை என்ன சொல்வது? உயிரோடு இருக்கிற வாத்தியாருக்குப் பரிசு அனுப்புவது அப்பாவுக்கு ஆசை. செத்துப்போன வாத்தியார் வீட்டுக்குக் கோடி அனுப்புவது கடமை. ஆசையைக்கூட ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம்.

ஏஜென்ட் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மெலிந்த ஆள் என்னிடம் திரும்பினார்.

“அவளுடைய தகப்பனும் அண்ணன்மாரும் எப்படிப் போனார்களாம்?”

என் ஆராய்ச்சியே அந்தக் கேள்விதான். அதற்கான பதில் மாடியறையில் கேசட் கேசட்டாக, அவள் குரலிலேயே இருந்தது. செங்கல் சூளை, வண்டிச் சத்தம், கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரன் பெயர் உட்பட.

“காய்ச்சலில்,” என்றேன்.

“ஆமாம்,” என்றார். “எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் நிறையப் பேருக்குக் காய்ச்சல் வந்தது.” ஒப்புட்டை ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். “உங்களிடம் அவள் நிறையப் பேசியிருக்கிறாள்.”

பெரிய அதிகாரி ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது இன்னொரு ஒப்புட்டு. அதை மொழிபெயர்த்தேன்.

அட்ரஸ் எழுதித் தரும்படி அப்பா சொன்னபோது, மறந்துவிட்டது, மாடியில் தேட வேண்டும் என்றேன். “வேண்டியதில்லை,” என்று மெலிந்த ஆள் இங்கிலீஷில் சொன்னார். “படத்தில் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்தான் அது, சின்ன ஊர்.” அப்பா ஏஜென்ட் வாயிலாக அதைக் கேட்டு, “பாத்தயா கண்ணு, தெரிஞ்ச மனுசன்!” என்றார்.

பம்பாய் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. வாசலில் கார் நின்றது. எழவுத் துணியை ஹால் வழியாகக் கொண்டுவரக் கூடாது என்று அம்மா அதைக் கொல்லைப்புறமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, வெற்றிலை இல்லை. மடித்த வெள்ளைப் புடவை மட்டும். நான் கார் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் புடவையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடினால் என்ன காரணம் சொல்வது? அப்பாவுக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அந்த ஆளுக்கோ காரணமே சொல்ல வேண்டியிருக்காது.

அப்பா இரண்டு கையாலும் கோடியை நீட்டினார். மெலிந்த ஆள் வாங்குவதற்கு முன்னால் ஏஜென்ட்டிடம் கேட்டார்: “இது கணவன் இறந்தால் மட்டும் கொடுப்பதா?”

“ஆமா சார். விதவைக்கு மட்டும். அவளோட பிரதர் கொடுக்கணும்.”

“நான் கொடுக்கிறேன்,” என்றார் அவர், அப்பாவைப் பார்த்து. “என் கையால் அவள் கையில்.” ஏஜென்ட் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

காரில் ஏறிய பிறகு அவர் கண்ணாடியை இறக்கினார். என்னிடம் ரஷ்ய மொழியில், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்:

“புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரைச் சந்தையில் பார்த்தேன். தர்பூசணி வாங்கிக்கொண்டிருந்தார். நல்ல ஆரோக்கியம். உங்கள் அப்பா மரியாதை தெரிந்தவர். அவர் சொன்னபடியே செய்துவிடுகிறேன்.”

கார் கேட்டைத் தாண்டி அவிநாசி ரோட்டில் திரும்பியது.

“என்ன கண்ணு சொன்னாரு?” என்று அப்பா கேட்டார்.

“சாப்பாடு நல்லா இருந்துதாங்கப்பா.”

மறுநாள் காந்திபுரத்தில் ஒரு டெலிபோன் பூத்துக்குப் போனேன். அந்த நாட்டுத் தலைநகரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் நம்பரைச் சுற்றினேன். மணி அடித்தது. எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். போனையும் கடிதத்தையும் வேவு பார்க்கிற நாடு அது; இந்தியாவிலிருந்து ஒரு எச்சரிக்கை போனால், எச்சரிக்க ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் செத்ததாகச் சொன்ன மனிதருக்கு நானே எப்படிக் கடிதம் போடுவேன்? எழுதினாலும் மாட்டுவார், எழுதாவிட்டாலும் மாட்டுவார். பூத்தில் காத்திருந்தவர் கண்ணாடியைத் தட்டியதும் வெளியே வந்தேன். அந்த முற்றத்தில் பதிவு செய்த ஒரு குரலையும் அதன் பிறகு நான் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. கல்யாணப் பாட்டுகளைப் பற்றித்தான் எழுதிக் கொடுத்தேன். நல்ல ஆய்வு என்று பட்டமும் கொடுத்தார்கள்.

பஞ்சு வந்தது. நல்ல பஞ்சு. நிறுத்தின ஷிப்ட்டை அப்பா மறுபடி ஆரம்பித்தார், போன ஆட்கள் திரும்பி வந்தார்கள். புதுப் பஞ்சுப் பேல்கள் குடோனில் இறங்கிய அன்று சாயங்காலம் அப்பா என்னை உட்கார வைத்துச் சொன்னார்: “அந்தம்மாளுக்குக் கோடி போய்ச் சேந்துருச்சாம் கண்ணு. ஏஜென்ட்டு போன்ல சொன்னான். அந்த மனுசன் நேராப் போயி, அந்தம்மா கையிலயே குடுத்தானாம். இப்பத்தான் மனசு ஆறுச்சு.”

அந்தத் துணி அவள் கைக்குப் போனபோது வாத்தியார் எங்கே இருந்தார் என்று அப்பா கேட்க வேண்டியதில்லை; அவருக்கு வாத்தியார் செத்துப்போனவர். எனக்குக் கேட்க ஆளில்லை.